இந்த வண்டிக்கு நாலாம் சக்கரம் கிடையாது

இருமல் இல்லாத இடத்தில் இருக்கிற என் அண்ணனுக்கு,

நீ போய் ஒரு வருஷம் முடிந்துவிட்டது. எல்லாரும் அப்போதே உன்னைப் பற்றி எழுதினார்கள், பேசினார்கள். நான் மட்டும் ஒரு வரி எழுதவில்லை. கைப்பிள்ளைக்காரிக்குப் பேனா எடுக்க நேரம் ஏது என்று சாக்குச் சொல்லிக்கொண்டு இருந்தேன். அழுகை வந்த நாட்களில் எழுத்து வரவில்லை, அதுதான் நிஜம். இப்போது கோபம் வந்திருக்கிறது. எழுத்து தானாக வருகிறது.

இதைச் சபைப் பத்திரிகைக்குத்தான் அனுப்பப்போகிறேன். உனக்கு எழுதுவதை ஊரும் படிக்கட்டும். ஊருக்கும் இதில் சொல்ல எனக்குச் சிலது இருக்கிறது.

முதலில் வீட்டுச் சேதி. நீ பார்க்காமலே போன உன் மருமகளுக்கு லில்லி என்று பேர் வைத்திருக்கிறோம். தவழ்கிறாள். தரையில் கிடக்கிற எதுவும் அவள் வாய்க்குத் தப்பாது. காது இரண்டும் அப்படியே உன் காது. புதுக்கடைச் சந்திப்பில் இப்போது நம் தாலுகாக்கள் சென்னையோடு சேருமா, திருவிதாங்கூரோடு கிடக்குமா என்றுதான் பேச்சு. லில்லியின் அப்பா, அத்தானுடைய துணிக்கடைக்கு வருகிறவர்கள் துணியைவிட எல்லையைத்தான் அதிகம் அளக்கிறார்கள். நீ இருந்தால் யார் பக்கம் பேசியிருப்பாய்?

இனி உன் வண்டிகள். அவை என்னிடம்தான் இருக்கின்றன. அடக்கம் முடிந்த கையோடு அம்மா உன் டிரங்குப் பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டாள். "எனக்கு இதுகளப் பாத்துட்டு இருக்க முடியாது மக்களே. நீ கொண்டு போ" என்றாள். வயிற்றுப்பிள்ளையோடு, மயிலாடியிலிருந்து புதுக்கடை வரை பஸ்ஸில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். குலுங்கும்போதெல்லாம் வயிற்றையும் பெட்டியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

உன் வேலையை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். பர்மாச் சண்டையில் என் அண்ணன் பட்டாளத்து லாரியும் சில சமயம் ஆம்புலன்சும் ஓட்டினான். திரும்பி வந்ததும் கொழும்பில் கடை வைத்திருக்கிற எங்கள் மாமா ஓர் அட்டைப்பெட்டி கொடுத்துவிட்டார். திறந்தால் ஒரு ஜீப்புக்கு வேண்டிய மரத்துண்டுகள், சக்கரங்கள், எதை எதோடு ஒட்டுவது என்று ஒரு படம். நிஜ வண்டியின் ஓரடி அதில் கால் அங்குலம். அண்ணன் அதைக் கூட்டி முடித்தான். அதோடு ஓயவில்லை. பெட்டி வரும்போதெல்லாம் பெட்டியிலிருந்து செய்தான். வராதபோது முருக்கு மரத்தைச் சீவி, பிஸ்கட் டின் தகரத்தை வெட்டி, சைக்கிள் டியூபில் டயர் போட்டுச் செய்தான். லாரிகளுக்குக் கூடாரத்துணி அவன் பழைய காக்கிச் சட்டையிலிருந்து வந்தது. லாரிகள் பெருகப் பெருக அந்தச் சட்டைக்குக் கை குறைந்துகொண்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஊர் சும்மா இருந்ததா? "மயிலாடியில அவனவன் கல்லுல சாமி கொத்துகான். இவன் மரத்துல சண்டைவண்டி கொத்துகான்" என்றார்கள். "பட்டாளத்துக்குப் போயி பொம்ம செய்யப் படிச்சிட்டு வந்திருக்கான்" என்றார்கள். நீ பல்லில் பிளேடைக் கடித்துக்கொண்டு சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை அண்ணே, அன்றைக்கும் வரவில்லை.

பட்டாளத்து வண்டி செய்தாயே தவிர ஒரு பட்டாளக்காரனை நீ செய்ததில்லை. ஓட்டுகிற இடத்தில்கூட ஆள் கிடையாது. "வண்டி இருக்கு, ஆளு எங்க அண்ணே?" என்று கேட்டேன். "ஆளுவ எல்லாரையும் ஒக்க எறக்கியாச்சுட்டி" என்றாய். நான் பேச்சை விட்டுவிட்டுப் பசையை எடுத்து நீட்டினேன்.

இன்னொன்றும் உன் வழக்கம். பெட்டியிலிருந்து புத்தம்புதிதாக வண்டியைக் கூட்டி, வர்ணமும் காய்ந்த பிறகு, அதைக் கெடுப்பாய். ஜீப்பின் கண்ணாடிச் சட்டத்தை வளைப்பாய். லாரிக் கதவை நசுக்குவாய். விறகுக்கரியும் காவிமண்ணும் குழைத்துச் சேறு பூசுவாய். மாமா வந்து பார்த்துவிட்டு, "எத்தன பாடுபட்டு வாங்கி அனுப்புகேன், இப்பிடிச் சவட்டி வச்சிருக்கியே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். நீ சொன்னாய்: "மாமா, நான் கடைசியா பாக்கும்போ அது அப்பிடித்தான் நின்னுது."

இனி, கோபத்துக்குக் காரணம்.

உன் வருஷ நினைவு ஜெபத்தை இந்த வீட்டில்தான் வைத்தோம். அதற்கு ஒரு வாரம் முன்னால் நான் அடுக்களையில் இருந்தேன். முன்னறையில் லில்லி, உன் வண்டிகளை நான் நிறுத்தியிருந்த சன்னல் ஓரத்துப் பலகையைப் பிடித்து எழுந்து நின்றிருக்கிறாள். அப்படி நிற்பது அதுவே முதல் தடவை. எட்டின கையில் உன் ஆம்புலன்ஸ் வந்திருக்கிறது. மாமியாரின் அலறல் கேட்டு ஓடினேன். பிள்ளை ஆம்புலன்சின் மூக்கைச் சப்பிக்கொண்டிருந்தது. மாமி அதைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தாள். மூன்று சக்கரம்தான் இருந்தது.

"சக்கரத்த முழுங்கிட்டே! எனக்க பேத்தி சக்கரத்த முழுங்கிட்டே!"

நாலணாக் காசளவு சக்கரம் அண்ணே. பிள்ளையைக் குப்புறப் போட்டு முதுகில் தட்டினேன். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினேன். அத்தான் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, மூச்சு சீராக இருக்கிறது, பழம் கொடுத்துவிட்டுப் பொறுத்திருந்து பாருங்கள் என்றார். மட்டி வாழைப்பழமாக ஊட்டினோம். பிள்ளை வெளிக்குப் போனதையெல்லாம் நானும் மாமியும் குச்சியால் கிளறிப் பார்த்தோம். கல்லூரியில் சரித்திரம் படித்தவள் செய்கிற ஆராய்ச்சியைப் பார்த்தாயா? நடுவில் போய்ப் போய் அவள் நெஞ்சில் காது வைத்துக் கேட்டேன். நீ இருமலோடு கிடந்தபோது உன் நெஞ்சில் அப்படிக் காது வைத்துக் கேட்ட நாட்கள் ஞாபகம் வந்தன.

ஒன்றும் வரவில்லை. மாமியின் வாயிலிருந்துதான் வந்துகொண்டே இருந்தது.

"ஒனக்க அண்ணன் சண்டையில தப்பி வந்தான். வந்தவன் மருமொவளுக்குக் குண்டு வச்சிட்டுப் போயிட்டான்! சண்டைச் சாமான் பச்சப்பிள்ள கெடக்க வீட்டுல என்னத்துக்குட்டி? ஜெபத்துக்கு ஆளு வரும் முன்ன இதொக்க வெளியில போகணும். இல்லன்னா நான் போவேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. உன் வண்டிகளை ஒவ்வொன்றாக ஓலைக் கடவத்தில் அள்ளிப்போட்டாள். கொல்லைப்புறத்தில் தூர்ந்துபோன கிணறு ஒன்று இருக்கிறது, அதில் கொட்டத்தான்.

பிள்ளையைப் பற்றி எனக்கு இருந்த பயம் போகவில்லை. பயந்தவள் என்பதால் விட்டுக்கொடுத்துவிடுவேன் என்று மாமி நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் கடவம் வாசற்படியைத் தாண்டும்போது என் கை போய் அதைப் பிடித்துக்கொண்டது. சக்கரம் எந்த இடத்தில் ஒடிந்தது என்று பார்க்கவாவது வேண்டும் என்று ஆம்புலன்சை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன்.

அது ஒடியவே இல்லை அண்ணே. அச்சின் முனையைச் சிதைந்த மாதிரி செதுக்கி, அந்தச் செதுக்கலின் மேலேயும் சேற்றைப் பூசி வைத்திருந்தாய். பக்கத்தில் ஒரு லாரியின் சக்கரத்தை மெல்லக் கழற்றிப் பார்த்தேன். சக்கரம் மறைத்திருந்த இடத்தில் வர்ணமே இல்லை, மரம் வெள்ளையாக இருந்தது. ஆம்புலன்சிலோ அந்த இடம் முழுக்க வர்ணமும் சேறும் இருந்தன. அப்படியானால் அதில் அந்தச் சக்கரம் ஒருநாளும் இருந்ததில்லை. நீ ஏன் அதை மட்டும் அந்தப் பக்கம் சுவரைப் பார்க்கும்படி வைத்தாய் என்று அப்போதுதான் விளங்கியது. மயிலாடி வீட்டில் நீ வைத்திருந்தபடியே நானும் இங்கே வைத்திருந்தேன்.

மாமியிடம் இரண்டையும் காட்டினேன். "மாமி, பாருங்க. பிள்ள ஒண்ணும் முழுங்கல்ல. இது இப்பிடியே செஞ்சது."

மாமி வாங்கிப் பார்த்தாள். நகத்தால் சுரண்டியும் பார்த்தாள். "சக்கரம் இல்லாம வண்டி செய்யுகவன் உண்டுமா? கிறுக்கனா அவன்?"

"கிறுக்கன் இல்ல. கடைசியா பாத்தத செஞ்சிருக்கான்."

பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்ற நிம்மதியில் அத்தான் நடுவில் வந்தார். அவர் நல்லவர், உனக்குத் தெரியும். "நான் ஒரு சக்கரம் செதுக்கிப் போடுகேன். பாக்க லெட்சணமா இருக்கும், அம்மையும் அடங்கிருவா. மத்ததுகளையும் நெளிவு எடுத்து வர்ணம் அடிச்சா, ஜெபத்துக்கு வாறவங்களும் நல்லாருக்கு, கொள்ளாம்னு சொல்லுவாங்க" என்றார்.

கல்யாணம் ஆனதிலிருந்து அவரிடம் நான் உரத்துப் பேசியதில்லை. அன்றைக்குப் பேசினேன். "ஒரு ஆணி அடிக்கப்பிடாது. ஒரு பொட்டு வர்ணம் வைக்கப்பிடாது. கெணத்துலயும் போகாது. இந்த வீட்டுல எனக்கு எடம் உண்டும்னா இதுகளுக்கும் உண்டும்."

லில்லி பழம் கேட்டு அழுதாள்.

பிள்ளைக்கு எட்டும் என்று மாமி பயந்தது மட்டும் நியாயம். ஆகவே முன்னறையில் அவள் சீதனமாகக் கொண்டுவந்த பீங்கான் தட்டுகள் இருக்கிற கண்ணாடி அலமாரியைத் திறந்தேன். தட்டுகளை எடுத்துத் துடைத்து அடுக்களைப் பரணில் பத்திரமாக வைத்தேன். உன் வண்டிகளை உள்ளே நிறுத்திப் பூட்டினேன். ஆம்புலன்சை நடுத்தட்டில், சக்கரம் இல்லாத பக்கம் பார்க்கிறவர்களுக்குத் தெரியும்படி வைத்தேன். மாமி என்னோடு பேசவில்லை. ஜெபத்து நாள் காலை வரை பேசவில்லை. போகிறேன் என்றவள் போகவும் இல்லை.

ஆட்கள் வந்தார்கள். உபதேசியார் சங்கீதம் வாசித்து ஜெபம் பண்ணினார். காப்பி கொடுக்கும்போது எல்லார் கண்ணும் அலமாரிக்குப் போயிற்று. மேலத்தெருப் பெரியம்மை ஒருத்தி கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு மாமியைக் கூப்பிட்டாள். "ஏட்டி, இதுக்கு ஒரு சக்கரத்தக் காணல்லியே! ஒனக்க பேத்தி முழுங்கிட்டுன்னு கேட்டது மெய்தானா?"

மாமி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒனக்க பல்லுலயும் ரெண்டக் காணல்ல. அத யாரு முழுங்குனா? அது அப்பிடித்தான். மருமொவளுக்க அண்ணன் கடைசியா பாத்தது அது. கண்ணாடியில மூச்சு விடாம அங்குட்டு மாறி இரி."

காப்பி சிந்தும்படி சிரித்தார்கள். நானும் சிரித்தேன் அண்ணே. பிறகு அடுக்களைக்குள் போய் அழுதேன்.

ஆனால் எனக்கு இன்னும் தெரியாது. அந்த ஆம்புலன்சுக்குள் யார் இருந்தார்கள்? சக்கரம் போன பிறகு அவர்களைத் தோளில் போட்டு நடந்தாயா? எத்தனை பேரை உன்னால் இறக்க முடிந்தது? சுவரைப் பார்க்க வைத்தது எங்களுக்குத் தெரியக்கூடாது என்றா, உனக்கே தெரியக்கூடாது என்றா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயோ?

பொம்மை என்று சொன்ன ஊருக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் வீடு புதுக்கடைச் சந்திப்பிலிருந்து கூப்பிடுகிற தூரம்தான். யார் வேண்டுமானாலும் வரலாம், பார்க்கலாம். பார்த்துவிட்டுச் சிரிக்க வேண்டியவர்கள் படிக்கு வெளியே போய்ச் சிரித்துக்கொள்ளட்டும்.

உனக்குச் சொல்வது இது. நான் இருக்கிற வரைக்கும் அந்த அச்சில் யாரும் சக்கரம் பூட்டமாட்டார்கள். லில்லிக்கு வாயில் போடுகிற வயசு தாண்டினதும், அலமாரியைத் திறந்து அதை நானே அவள் கையில் கொடுப்பேன். இது உடைந்த பொம்மை இல்லை, மாமன் திரும்பிப் பார்த்த கடைசிப் பார்வை என்று சொல்லிக் கொடுப்பேன். அவள் கேட்கப்போகிற கேள்விகளுக்கு எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்றே சொல்வேன், அழகுக்காக ஒன்றையும் சேர்க்கமாட்டேன்.

உன் வண்டிகளுக்குக் காவல் நிற்கிற
உன் ஒரே தங்கச்சி,
லில்லியின் அம்மா