மழைக்கு எதிராக ஒரு கட்டுரை

நவம்பர் 9, திங்கள்
இன்றும் வெயில். ஊரில், நயினார்கோவிலில், அய்யா விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஹாஸ்டல் கிணற்றில் தண்ணீர் அடியில்.

மெட்ராஸிலிருந்து வந்த கமலா டீச்சர் என் 'மழையின் பயன்கள்' கட்டுரையைத் திருப்பித் தந்தார். நான்கு பக்கம், ஓர் அடித்தல் இல்லை. "எல்லாம் நோட்ஸில் இருக்கு. இதில் நீ எங்கே இருக்கே?" மார்க் இல்லை. முதல் பாரம் சேர்ந்த நாளிலிருந்து வகுப்பில் கட்டுரைக்கு நான்தான் முதல்.

என்னோடு ஹாஸ்டலில் இருக்கும் ஜமீலா எழுதியது அரைப் பக்கம்தான். மழையே வேண்டாம் என்று எழுதியிருக்கிறாள். பெரியபட்டினத்தில் அவர்களுக்குக் கருவாட்டு வியாபாரம்.

புது வேலை: அவள் கட்சியை நான் எழுதவேண்டும், என் கட்சியை அவள். 'நான் சொல்ல வந்தது இதுதான்' என்று மற்றவள் ஒப்புக்கொண்டால்தான் தேறும். தேறியதில் சிறந்தது மதுரைக் கட்டுரைப் போட்டிக்குப் போகும்.

மதுரை பார்த்ததில்லை.

10, செவ்வாய்
ஒரு வரிகூட ஓடவில்லை. எங்கள் ஊரில் எவ்வளவு பெய்தாலும் 'போதும்' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் நின்றுவிடும். கூரை ஒழுகினால் சட்டியை வைத்துவிட்டுச் சும்மா இருப்போம். விதைத்த மாதத்தில் நான் 'வேண்டாம்' என்றே எழுதுவதா?

"நீ எழுதுறத மேகம் வந்து படிக்குமாக்கும்?" என்றாள் ஜமீலா, நான் இதைச் சொன்னதும்.

"படிச்சிருச்சுன்னா?"

"ஒன் கையெழுத்து அதுக்கு வெளங்காதுடி."

என் கையெழுத்து நன்றாகத்தான் இருக்கிறது.

12, வியாழன்
சோப்பு வாங்க. ரிப்பன் துவைக்க.

ஜமீலாவைக் கேட்டுக் கேட்டு எழுதினேன். மீனைக் காயப்போட்ட அன்று தூறினாலே புழு வைத்துவிடுமாம். அவள் வாப்பாவும் வானத்தைத்தான் பார்ப்பாராம், மேகம் வரக்கூடாதென்று. எந்த நோட்ஸிலும் இது இல்லை.

அவள் என்னைக் கேட்டது: "மழ இல்லாட்டி என்ன, கடையில அரிசி வாங்க வேண்டியதானே?"

"கடைக்கு எங்கருந்துடி வருது?"

சண்டை. பிறகு கடலையைப் பங்கு போட்டுக்கொண்டோம்.

13, வெள்ளி
நான் எழுந்து படித்தேன். இரண்டாவது வரி படிக்கும்போதே வகுப்பின் தகரக் கூரைமேல் நிஜ மழை. வகுப்பே சிரித்தது. டீச்சர்: "சத்தமாப் படி. மழையில கேக்கல."

ஜமீலா மட்டும் சிரிக்கவில்லை. முடித்ததும், "மணல விட்டுட்டா டீச்சர். நனைஞ்ச மீன்ல மணல் ஏறுனா யாரும் வாங்க மாட்டாக. அதச் சேத்தா ஒத்துக்கிறேன்."

சாயங்காலமும் மழை. மணலைச் சேர்த்து எழுதிக்கொண்டிருந்தேன். அவள் ஜன்னலோரம். "வாப்பா நேத்துதான் காயப்போட்டிருப்பாக." பிறகு என் பக்கம் திரும்பி, "ஒங்க ஊர்ல போதும்னு சொன்னா நின்னுருமாமே. ஒரு தடவ சொல்லேன்டி."

அய்யாவை நினைத்தேன். அவள் வாப்பாவையும். "பெரியபட்டினத்துல மட்டும் போதும்" என்றேன், மெதுவாக.

இங்கே மழை நிற்கவில்லை.