பெயரில்லாத பொத்தான்கள்

மார்ச் 4, திங்கள்

எனக்குக் கண் தெரியாது என்பதைப் பதினோரு வருடத்தில் அலுவலகமே மறந்துபோயிருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. இன்று எல்லாருக்கும் ஞாபகம் வந்துவிட்டது.

கணினி நிரல் எழுதப் புதிய மென்பொருள் கருவி வந்திருக்கிறது. இனி எல்லாரும் அதில்தான் எழுத வேண்டுமாம். நிறுவுவதற்கே காலை முழுக்கப் போயிற்று. திறந்தால், திரையில் இருப்பதை என் காதில் படிக்கும் வாசிப்பான் ஒரே பல்லவி பாடுகிறது: “பொத்தான். பொத்தான். பொத்தான்.” எந்தப் பொத்தான் என்று சொன்னால் என்ன குறைந்துபோகும்?

மார்ச் 6

அழித்துவிட்டு மறுபடி நிறுவினேன். பொத்தான். பொத்தான்.

மார்ச் 9, சனி

மடிக்கணினியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் வீட்டுக்காரர் தையல் கடையை மதியமே சாத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“என் கடையிலகூட இத்தனை பொத்தான் இல்ல. ஓரத்துல பூச்சி மாதிரி ஒண்ணு இருக்கு.”

“அது பிழை தேடுறது. வேற என்னங்க?”

“கீழ சிவப்பா ஏதோ இங்கிலீஷ்.”

“எழுத்துக்கூட்டிச் சொல்லுங்க.”

சொன்னார். இருபது வரி, ஒரு புள்ளி, ஒரு கோடு விடாமல். தொண்டை கட்டிப்போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி. அந்தப் பிழையைச் சரிசெய்தேன். பொத்தான்களுக்குப் பெயர் மட்டும் வரவில்லை. ஆனாலும் — இந்த மனுஷன் எனக்குக் கிடைத்தாரே.

மார்ச் 12

மேலாளர் தனியாகக் கூப்பிட்டார். “நீங்க கஷ்டப்படாதீங்க. நிரல நாங்க பாத்துக்கறோம். நீங்க உதவிக் குறிப்புகள் மட்டும் எழுதிக் குடுங்க, போதும்.”

அன்பாத்தான் சொன்னார். அதான் தாங்க முடியல. திட்டினா திருப்பிப் பேசலாம். அன்பா ஓரங்கட்டினா என்ன பண்றது? கழிவறைக்குப் போய் முகம் கழுவினேன். இரண்டு தடவை.

மார்ச் 15

பக்கத்து மேசைக்காரர் — ஒரு நாளைக்கு முப்பது தும்மல் போடுவதால் அவருக்குத் ‘தும்மல்’ என்றே பெயர் — இன்று தன் திரையை அணைத்துவிட்டு, என்னைப் போல வாசிப்பானை மட்டும் வைத்து அந்தக் கருவியில் வேலை செய்து பார்த்திருக்கிறார். நான் கேட்கவே இல்லை. இரண்டு மணி நேரத்தில் ஒரு வரிகூட எழுத முடியவில்லையாம்.

“இதோட எப்படிங்க பத்து நாள் இருந்தீங்க? நானா இருந்தா ஜன்னல் வழியா வீசியிருப்பேன்.”

பெயரில்லாத பொத்தான்கள் மொத்தம் அறுபத்தெட்டு. சேர்ந்து பட்டியல் போட்டு, கருவியைச் செய்தவர்களுக்கு அனுப்பினோம்.

மார்ச் 21

பதில் இல்லை. குறிப்புகள் எழுதுகிறேன்.

ஏப்ரல் 2

பதில் வந்துவிட்டது. முன்பின் தெரியாத ஒருத்தி எழுதியிருக்கிறாள்: “எங்களுக்கு இது தோன்றவே இல்லை. வெட்கமாக இருக்கிறது. அறுபத்தெட்டுக்கும் பெயர் வைத்துவிட்டேன்.”

புதிய பதிப்பு நிறுவும்போது இரண்டு முறை பாதியில் நின்றது. அதற்கென்ன. மூன்றாவது முறை திறந்தது. “சேமி. தேடு. இயக்கு.” தும்மல் என் காதொலிப்பானில் ஒரு பக்கத்தை வாங்கிக் கேட்டார்.

நேராக மேலாளரிடம் போனேன். “என் வேலையைத் திருப்பிக் குடுங்க சார்.” கொடுத்தார்.

ஏப்ரல் 17

போன வாரம் எழுதிக் கொடுத்த நிரலை மேலாளர் படித்திருக்கிறார். பதினான்கு குறைகள். ‘அவசரத்தில் எழுதியதுபோல் இருக்கிறது, திரும்ப எழுதவும்’ என்று கடைசியில்.

பதினொன்று சரிதான், திருத்திவிட்டேன். மூன்றில் அவர் சொல்வது தப்பு. நாளைக் காலை முதல் வேலையாகப் போய்ச் சண்டை போட வேண்டும்.