வேங்கைக் குச்சிக்கு நிழல்

அன்புள்ள அம்மாவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நான் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை குறைந்ததா? அதற்காக அவர் தண்ணீர் ஊற்றிவைத்துக் குடிக்கும் மரக்குவளை வேங்கையில் செய்தது. மருந்துக்காக வெட்டி வெட்டியே அந்த மரம் அருகிவிட்டதாம்.

எங்கள் துடியலூர் விடுதிக்குப் பின்னால் நின்ற ஒரே வேங்கையும் சென்ற மாதக் காற்றில் சாய்ந்துவிட்டது. அதன் கிளைகளை வெட்டி, நானும் அறைத்தோழி ஹாரிகாவும் மண் பைகளில் நட்டோம். எல்லாம் காய்ந்து, ஒரு குச்சிதான் மிஞ்சியது. நேற்று அது துளிர்விட்டது.

"புடிச்சிருச்சு அம்மணி! நீ ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிருக்கற?" என்றாள் ஹாரிகா.

வேர் இல்லாமலே, குச்சியில் மிச்சமிருக்கும் சத்தில் துளிர் வருவதுண்டு என்று படித்ததைச் சொன்னேன்.

"அப்ப புடுங்கிப் பாத்துப்போட்டு மறுக்கா நட்டரலாம்!"

குச்சியில் கைவைத்தவளைப் பிடித்து இழுத்தேன். இருவரும் சேற்றில் விழுந்தோம். முட்டியில் சிராய்ப்புதான், பயப்படாதீர்கள். குச்சி அசையவில்லை. வேர்விடும்வரை அதைத் தொடக்கூடாது, வெயிலும் படக்கூடாது.

நிழல் கட்ட உங்கள் பழைய நூல்சேலை ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம். உண்மையைச் சொன்னால், குச்சிக்குப் பாதிச் சேலை போதும்; மீதி என் தலையணைக்கு.

விளக்கை அணைத்துவிட்டார்கள்.

உங்கள்
ரித்திகா