மகள் நிறுத்திய ஹீட்டர்

தை, வெள்ளிக்கிழமை

கனடாவில் வாடகை வீட்டில் தனியாக இருக்கும் மகள் சுகந்தி, இந்த மாதக் கரண்ட் பில்லை அனுப்பியிருந்தாள். போன மாதத்தில் பாதிதான். கேதீஸ்வரம் கோயிலில் அவள் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்த கையோடு, புகழ்வதற்காக வீடியோவில் அழைத்தேன்.

தொப்பியும் கோட்டும் போட்டபடி தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பிள்ளை, வேலைக்கு வெளிக்கிடுறியோ?"

"இல்லையம்மா, ஹீட்டரை நிப்பாட்டிட்டன். நீங்கள்தானே வீண்செலவெண்டு சொன்னனீங்கள்."

ஓம், நான்தான் சொன்னேன். வீட்டைச் சூடாக்கவும் காசு கட்டுவார்களா என்று சிரித்து, அவளின் மாதச் செலவை நான் எழுதிவைக்கும் கணக்குக் கொப்பியில் அந்த வரியை வெட்டியும் விட்டேன். மன்னார் வெக்கையில் இருந்துகொண்டு எனக்கு வேறென்ன தெரியும்?

"உடனே போடு."

"அப்பாவின்ரை கண் ஒப்பரேசனுக்குச் சேர்க்க வேணுமெல்லோ?"

பின்னால் கதிரையில் இருந்த இவர் சத்தம் போட்டார். "எனக்கு மற்றக் கண் நல்லாத் தெரியுது. முதல்ல ஹீட்டரைப் போடு, மோளே!"

அவள் எழுந்துபோய்ப் போட்டாள். தொப்பியைக் கழற்றும்வரை நான் போனை வைக்கவில்லை. அவள் நெற்றியில் திருநீறு இருந்தது.

இப்போது கொப்பியில் ஹீட்டரைத் திரும்ப எழுதியிருக்கிறேன், அரிசிக்கும் மேலே.