பைப்பிலிருந்து கழற்றிய கம்பி

வெஸ்ட் வின்ட்சர்,
வியாழக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

விஷாகா எழுதுகிறேன். நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் சுகர் லேண்டில் குளிர் எப்படி, வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன். கோபம் முந்திக்கொள்கிறது. போனில் பேசினால் ஷ்யாமளா பெரியம்மா பக்கத்திலேயே நிற்கிறார். எனக்கு வாயே வராது. அதனால்தான் கடிதம்.

பேஸ்மென்ட்டில் எங்கள் அறையை ஒட்டிப் பெரியப்பா பூஜை அறை கட்டியிருக்கிறார். அங்கே தண்ணீர் பைப்பிலிருந்து பிரேக்கர் பெட்டிக்கு எர்த்துக்காக ஒரு செம்புக் கம்பி போகும். சாமி படங்களுக்கு மேலே அசிங்கமாக இருக்கிறதென்று பைப்பிலிருந்து கழற்றி, சுருட்டி, ஆணியில் மாட்டிவிட்டார். இப்போது பாத்ரூம் குழாயைத் தொட்டாலே சுரீரென்கிறது. நேற்று அம்மா ஈரக்கையோடு தொட்டு, கையை எடுக்க முடியாமல் ஒரு நொடி அப்படியே நின்றாள். இன்னும் முழங்கை வரை மரத்திருக்கிறது. நேற்று நடந்ததை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள்.

கம்பியை மறுபடி பைப்பில் கட்டவேண்டும் என்று பெரியப்பாவிடம் எப்படியோ சொல்லிவிட்டேன். பத்தாவதோடு நின்ற மகாராணி எனக்கு எர்த்திங் பாடம் எடுக்கிறாளா என்று சிரித்தார். குளிர்காலத்தில் அமெரிக்காவில் எதைத் தொட்டாலும் இப்படித்தானாம். வாட்டர் ஹீட்டரின் பிரேக்கரை அணைத்துப் பார்த்தேன்; ஷாக் நின்றது, கரண்ட் கசிவது அதில்தான். வெந்நீர் வரவில்லையே என்று இறங்கிவந்து, திட்டிக்கொண்டே மறுபடி போட்டுவிட்டார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். நீங்கள் அம்மாவிடம், ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு குளி, அண்ணனிடம் ஒன்றும் பேசாதே என்றீர்களாமே! இருபது வருடம் ஆவடியில் வயரிங் செய்தவர் சொல்கிற பேச்சா அது? வீட்டில் ஒரு இரும்பு, செம்புப் பைப் விடாமல் எர்த்தோடு கட்டிவிடு, கரண்ட் கசிந்தால் பிரேக்கர் விழும், ஆள் விழமாட்டான் என்று டார்ச் பிடித்து நின்ற என்னிடம் சொன்னது யார்? அண்ணன் கிரீன் கார்டு வாங்கித் தந்தார் என்பதற்காக அம்மா ஷாக் வாங்க வேண்டுமா?

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே பெரியப்பாவிடம் பேசுங்கள். தம்பியாக வேண்டாம், எலக்ட்ரீஷியனாகப் பேசுங்கள். ஒரு வாரம் பார்ப்பேன். பிறகு வீட்டு வயரிங்கைச் சோதிக்கிற டவுன்ஷிப் ஆபீஸுக்கு நானே போவேன். பேச வராவிட்டால் எழுதிக் கொடுப்பேன். அப்புறம் இந்த வீட்டில் எங்களுக்கு இடமிருக்காது, தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே அம்மாவைக் குழாய்ப் பக்கம் விடுவதில்லை. நான்தான் திறக்கிறேன், நான்தான் மூடுகிறேன். சீக்கிரம் பேசுங்கள் அப்பா.

உங்கள் மகள்,
விஷாகா