அத்தானின் தொலைநோக்கியில் பூசணம்

அன்புள்ள அத்தான்,

எரிச்சலோடுதான் எழுதுகிறேன். யாரிடம் போய்க் கத்துவது என்று தெரியவில்லை. நீங்கள் இருந்தால் உங்களிடம் கத்தியிருப்பேன், நீங்களும் சிரித்துக்கொண்டே கேட்டிருப்பீர்கள்.

துபாயில் ஏசி மெக்கானிக் வேலையை விட்டு குலசேகரத்துக்குத் திரும்பியபோது, டிவி வரும் என்று காத்திருந்த அக்காவின் முன்னால் தொலைநோக்கிப் பெட்டியைப் பிரித்தீர்களே. அன்றைக்கு அவள் முகம் போன போக்கு! அருமனையில் என் ஜெராக்ஸ் கடையைச் சாத்திவிட்டு வாரத்தில் மூன்று நாள் உங்கள் மொட்டை மாடிக்கு ஓடி வந்தவன் நான். "மக்கா வந்தியா? வானம் தெளிஞ்சு கிடக்கு, ஏறி வா" என்பீர்கள். அந்தக் குரலை இனி எங்கே போய்க் கேட்பேன்?

கடைசியாக ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்தைப் படம் பிடிக்க ஆசைப்பட்டீர்கள். வெறும் கண்ணுக்கு மங்கலான ஒரே புள்ளி, தொலைநோக்கியில் கொட்டிய ரவை மாதிரி ஆயிரமாயிரம் நட்சத்திரங்கள். தெற்கே நன்றாக உயரும் நம் ஊருக்கென்றே அமைந்தது என்பீர்கள். ஒன்றாக அடுக்கிச் சேர்க்க வேண்டிய படங்களில் பாதியை எடுத்திருந்தபோது உங்கள் நெஞ்சு நின்றுவிட்டது. மீதியை நான் எடுத்து முடிப்பேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மழையெல்லாம் கழிந்து பங்குனியில்தான் அக்காவிடம் தொலைநோக்கியைக் கேட்டேன். அலமாரியிலிருந்து எடுத்து வந்தாள். பாலித்தீன் உறை, அதற்குள் அவளுடைய பழைய சேலை, அதன்மேல் நாலு சுற்றுக் கயிறு. பிரித்துப் பார்த்தால் லென்ஸ் முழுக்கச் சிலந்தி வலை போலப் பூசணம். நாகர்கோவிலில் கேமரா பழுது பார்ப்பவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "கோட்டிங்கை அரிச்சிட்டு சார், தொடைச்சாலும் தடம் போவாது" என்றார்.

நேராக வந்து அக்காவிடம் கத்தினேன். "மழைக்காலத்துல காத்துப் போகாம யாராவது கெட்டி வைப்பாவளா? என்னட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "அதுல அவருக்க மணம் இருந்துச்சுலே. போயிரக்கூடாதுண்ணுதான் கெட்டி வச்சேன்."

அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதன்பிறகு எங்களுக்குள் பேச்சு நின்றுபோனது.

வைகாசிப் பாதியில் இடவப்பாதி மழை இறங்குவதற்குள் முடித்தாக வேண்டும் என்று அந்த லென்ஸோடே முயன்றேன். மாடியில் ஒழுகியதால் தகர ஷீட் போட்டாயிற்று, வானம் தெரியாது. தொலைநோக்கி முக்காலியின் கால்களை வைக்க வடக்கு பார்த்து நீங்கள் தரையில் பெயின்டால் போட்ட மூன்று புள்ளிகளும் இப்போது ஷீட்டுக்கு அடியில். துருவ நட்சத்திரமோ நம் ஊரில், கையை நீட்டிப் பிடித்தால் அடிவானத்துக்கு மேல் ஒரு முஷ்டி உயரம்கூட இல்லை. அக்கா வீட்டு முற்றத்தில் நின்றால் அதையும் ரப்பர் மரங்கள் மறைக்கின்றன. அதைப் பாராமலே வடக்கை எப்படி அத்தான் அத்தனை துல்லியமாகக் குறித்தீர்கள்? ஏன் எனக்குச் சொல்லித் தரவில்லை? நான் ஏன் கேட்கவில்லை? திசை கொஞ்சம் பிசகினாலும் நட்சத்திரங்களின் நகர்வைத் தொடர வேண்டிய மோட்டார் வேறு வழியில் திரும்புகிறது, நட்சத்திரங்கள் புள்ளியாக விழாமல் கோடாக இழுபடுகின்றன. போன எட்டு முறையும் கோடுதான். மற்ற நாட்களில் மேகம்.

நேற்று வானம் திறந்தது. ஏழரை மணிக்கு எல்லாம் தயார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து ரப்பர் ஷீட் கொட்டகையில் ஃப்ளட் லைட்டைப் போட்டார்கள். வெளிச்சம் நேராக லென்ஸில் அடித்தது. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

கதவு திறந்தது. அக்கா ஒரு போர்வையோடு வந்து, விளக்குக்கும் லென்ஸுக்கும் நடுவே அதை இரு கைகளாலும் உயர்த்திப் பிடித்தபடி நின்றாள்.

"கை வலிக்கும்க்கா."

"நீ படத்தைப் பிடி."

அரை மணி நேரம் அப்படியே நின்றாள். பிறகு தொலைநோக்கியில் மாட்டியிருந்த கேமராவின் திரையைக் காட்டினேன். நடுவில் கலங்கிய ஒரு வெள்ளைத் தேமல், அதைச் சுற்றிப் புகை, எல்லாமே கோடு கோடாக.

"இதையா அவரு அத்தனை நாளா தேடினாரு?"

"நல்லா வந்தா இப்படி இருக்காதுக்கா."

"நான் கெட்டி வைக்காம இருந்திருந்தா தெளிஞ்சு வந்திருக்கும், இல்லையாலே?"

நான் முக்காலியின் திருகாணியைத் திருகிக்கொண்டிருந்தேன். அவள் போர்வையை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அத்தான், புகை மட்டும்தான் பூசணத்தால் வந்தது. கோடு விழுந்தது என் கையால். லென்ஸ் புதிதாக இருந்திருந்தாலும் அந்தப் படம் கெட்டுத்தான் போயிருக்கும். அது எனக்கு அங்கேயே தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்காமல் நின்றேன்.

நாளைக் காலை கடையைத் திறப்பதற்கு முன் குலசேகரம் போவேன். ஒமேகா சென்டாரி கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது, அதற்கு வாக்குத் தர மாட்டேன். அக்காவின் முகத்தைப் பார்த்து இதைச் சொல்லிவிடுவேன். அதற்கு மட்டும் வாக்குத் தருகிறேன்.

உங்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்ட
உங்கள் மச்சினன்