தூக்குவது நான்தான் என்று சொல்லிவிட்டேன்

ஷார்ஜா
12.8.1999

அன்புள்ள பாவாத்தாளுக்கு மாசாணம் எழுதுவது. நான் நல்ல சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? எழில் கண்ணு சாப்பிடுகிறானா?

சொல்லக் கூச்சமாக இருக்கிறது அம்மணி, பத்து நாட்டுக்காரர்களிடம் பொய் சொல்லிப்போட்டேன். எங்கள் ரூம் பிரான்சிஸ் தம்பி ஆபீஸ் கம்ப்யூட்டரில் இன்டர்நெட் பார்ப்பவர். எழிலைப் போலத் தசை தளர்ந்த பிள்ளைகளைப் பெற்றவர்கள் அதில் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்கிறார்கள். நம் கதையையும் எழுதினார். "பையனைத் தினமும் தூக்குவது யார்?" என்று ஒரு அம்மா கேட்டிருந்தார். "நான்தானுங்க" என்று எழுதச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் எல்லோரும் பாராட்டியிருந்தார்கள், உன்னிடம் கிடைக்காத மரியாதை. "ஏனுங்க நல்ல அப்பா, கொஞ்சம் சாம்பார் ஊத்துங்க" என்றார் பிரான்சிஸ். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. முந்தாநாள் உன் பெயரைச் சொல்லி உண்மையை எழுதச் சொன்னேன்.

அவர்கள் உனக்குச் சொன்னது இது. கக்கத்தில் கைகொடுத்துத் தூக்காதே, அவன் தோள் நழுவிவிடும். இரண்டு பேராகத்தான் தூக்க வேண்டுமாம். அந்த இரண்டாவது ஆள் இங்கே ஊராருக்குப் பரோட்டா போட்டுக்கொண்டிருக்கிறேன். நான் வரும்வரை பக்கத்து வீட்டு சஃபியாவைக் கூப்பிட்டுக்கொள்.

ஊரிலிருந்து யாராவது இங்கே வந்தால், தலைக்குத் தேய்க்க அரப்புத்தூள் கொடுத்துவிடு. பதில் கடிதத்தில் எழில் கையால் ஒரு கோடாவது போடச் சொல். ஊருக்குப் போகும் ஆள் வாசலில் நிற்கிறார், முடிக்கிறேன்.

உன்
மாசாணம்

பி.கு: இரண்டு பேராகத் தூக்குவதைப் பிரான்சிஸை வைத்துப் பழகினோம். கால்மாட்டில் எங்கள் ரூம் முஸ்தபா பாய், தலைமாட்டில் நான். பிரான்சிஸ் இன்று வேலைக்குப் போகவில்லை.